மெத்தென்ற தரையும் நான்கு ஓட்டைகளும்

நான் பாரிசுக்குப் போனது ஒரு தரையை மிதித்துப் பார்ப்பதற்காக. விசா நேர்காணலில் பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் என் மனைவி புறப்படும்போதே எச்சரித்து அனுப்பியிருந்ததால் "தங்கச்சி வீடு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன்.

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருபத்தாறு வருடமாகத் தரைப் பிரிவு என் பொறுப்பு. சக்கரமும் எஞ்சினும் மட்டும் உள்ள வெறும் சேஸ் வந்து நிற்கும். அதன்மேல் இரும்புக் கூண்டு ஏறும். பிறகு நான். பலகை போட்டு, திருகி, விளிம்பெல்லாம் அடைத்து, ரப்பர் விரிப்பு ஒட்டிக் கொடுப்பேன். பஸ்ஸில் ஏறுகிறவர்கள் சீட்டைக் குறை சொல்வார்கள், ஜன்னலைக் குறை சொல்வார்கள், டிரைவரையும் அவர் போடும் பாட்டையும் குறை சொல்வார்கள். தரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. யாராவது பேசினால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது.

என் தங்கை கவிதா திருச்சியில் படித்தபோது அங்கே படிக்க வந்திருந்த நகுலன் என்ற யாழ்ப்பாணத்துக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போவதாகச் சொன்னாள். ஒரு வருடம் வீட்டில் யாரும் யாருடனும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நாளில் பேசி முடித்துவிட்டார்கள். இப்போது அவர் பாரிசில், லா ஷப்பெல் பக்கம் ரூ பிலிப்-து-ஜிராரில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். கவிதாவுக்குப் பள்ளிக்கூட உணவகத்தில் வேலை. வீடு வில்லியே லே பெல் என்ற புறநகரில்.

அவர்கள் ஒரு கரவான் வாங்கியிருந்தார்கள். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வீடு. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி எல்லாம் உண்டு. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு நாள் கவிதா அதன் உள்ளே நின்று வீடியோ போட்டுக் காட்டினாள். கதவோரம் குதிகாலை ஊன்றினாள். தரை கீழே போனது. காலை எடுத்தாள். தரை மெதுவாக மேலே வந்தது.

"பாத்தியாண்ணா? மெத்து மெத்துன்னு இட்லி மாதிரி இருக்குது."

"கொஞ்சம் உடம்பைக் குறைச்சுப் பாரேன்" என்றேன். அவள் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் நகுலனே கூப்பிட்டார். "மச்சான், பகிடி விடாதேங்கோ. ஆகஸ்டிலை என்ரை அக்கா கனடாவிலை இருந்து வாறா. கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்த அக்காவைப் பற்றி எனக்குத் தெரியும். பெயர் பவானி. நகுலனைத் தூக்கி வளர்த்தவர். கொழும்பில் ஒரு பஸ் நிலையத்தில் கையசைத்துப் பிரிந்தவர்கள். இருபத்திரண்டு வருடமாக நேரில் பார்க்கவில்லை. முதலில் நகுலனுக்கு 'பப்பியே' என்று இவர்கள் சொல்லும், அங்கே தங்குவதற்கான காகிதம் இல்லை. காகிதம் வந்தபோது லீவு இல்லை. லீவு கிடைத்தபோது அக்காவின் கணவருக்கு உடம்பு சரியில்லை. இப்போதுதான் எல்லாம் கூடி வந்திருக்கிறது, தரையைத் தவிர.

"வித்தவன் என்ன சொல்றான்?" என்று கேட்டேன்.

"அது நோர்மலாம். தரை உயிரோடை இருக்குதாம்."

அதைக் கேட்ட பிறகு என்னால் கரூரில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

---

விமான நிலையத்திலிருந்து கவிதா என்னை ரயிலில் நேராக லா ஷப்பெலுக்குக் கூட்டிப்போனாள். நகுலனுக்குக் கடையில் வேலை இருந்தது. வழியில் ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நின்றது. ஒலிபெருக்கியில் ஒரு ஆள் இரண்டு நிமிடம் ஏற்ற இறக்கத்தோடு, கவிதை வாசிப்பதுபோல் பேசினார்.

"என்ன சொல்றாரு?"

"வண்டி நிக்குது."

அந்தப் பயணம் முழுவதும் என் மொழிபெயர்ப்பாளர் இவள்தான். பிரெஞ்சுக்காரர்கள் நீளமாகச் சொல்வதை இரண்டு சொல்லில் தருவாள். நான் இரண்டு சொல் சொன்னால் அதை ஐந்து நிமிடத்துக்கு நீட்டுவாள்.

லா ஷப்பெலில் இறங்கியதும் கறிவேப்பிலை வாசனை வந்தது. தங்க நகைக்கடை, மீன்கடை, சேலைக்கடை, சவரக்கடை எல்லாம் தமிழில் பலகை மாட்டி நின்றன. எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும் என்று கவிதா எதிர்பார்த்தாள். ஆனால் அங்கே பேசிய தமிழில் பாதிக்குமேல் எனக்குப் புரியவில்லை. கடையில் ஒருவர் என்னிடம் "இஞ்சாலை இருங்கோ" என்றார். நான் 'இங்கேயே இரு' என்று சொல்கிறாராக்கும் என நினைத்து, நின்ற இடத்திலேயே பெட்டியோடு நின்றேன். அவர் உட்காரச் சொல்லியிருக்கிறார்.

நகுலன் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிப்பிடித்தார். இடியப்பம், சொதி, மீன் பொரியல், ஆட்டிறைச்சி ரோல்ஸ் என்று மேசை நிறைந்தது. தேங்காய்ப்பாலில் செய்த அந்தச் சொதியை நான் மோர்க்குழம்பு என்று நினைத்து ஊற்றிக்கொண்டேன். தவறாக நினைத்ததற்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்று முறை வாங்கினேன்.

பக்கத்து மேசையில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் இருந்தார். பாண்டிச்சேரிக்காரர், இங்கே தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் திரும்பினார்.

"கரவானா முசியே? நான் லீவு விட்டா, வக்கான்ஸுக்குக் கூடாரம்தான் எடுத்துட்டுப் போவேன். அதுக்குத் தரையே கிடையாது. பிரச்சினையும் கிடையாது."

நகுலன் அவருக்குக் கொண்டுபோன தேநீரைச் சற்று சத்தமாகவே வைத்தார்.

---

மறுநாள் பொபினி என்ற இன்னொரு புறநகருக்குப் போனோம். அங்கே காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவரின் கிடங்குக்குப் பின்னால் கரவானை நிறுத்தியிருந்தார் நகுலன். வெள்ளை வெளேரென்று, படுக்கப்போட்ட குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருந்தது.

உள்ளே ஏறியதும் செருப்பைக் கழற்றினேன். தரையைப் பார்க்க வெறுங்கால்தான் வேண்டும். கதவோரம் ஒரு முழ அகலத்துக்குத் தரை அழுந்தியது. சமையல்கட்டுக்கு முன்னால் இன்னோர் இடம், இன்னும் மோசம். ஒரு நாணயத்தை எடுத்துத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் டக் டக் என்று கெட்டியாகக் கேட்டது. கதவோரம் டொப் டொப் என்றது. சமையல்கட்டுப் பக்கம் சத்தமே வரவில்லை. ஈர மண்ணைத் தட்டுவதுபோல் இருந்தது.

இரண்டு இடமும் மெத்தென்றுதான் இருந்தன. ஆனால் இரண்டும் ஒரே வியாதி இல்லை என்று எனக்கு அப்போதே பட்டது.

சமையல்கட்டுப் பக்கம் தரை விரிப்பில் ஒரு சதுரத் துண்டு மட்டும் சற்று வேறு நிறத்தில் இருந்தது.

"இது என்ன ஒட்டு?"

"கம்பெனியே போட்டதுண்ணா" என்றாள் கவிதா. "அந்த எடத்துலதான் என் கிரைண்டரு இருந்துச்சு."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "கிரைண்டரா? கரவான்லயா?"

"பின்ன, மூணு வாரம் ரொட்டியவே தின்னுட்டு இருக்கச் சொல்றியா?"

நகுலன் வெளியே போய் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். நன்றாகத்தான் இருந்தது. இருந்தும் நான்கு முறை பார்த்தார்.

---

மூன்றாம் நாள் கரவானைக் காரில் மாட்டிக்கொண்டு, பாரிசுக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்த விற்பனை நிலையத்துக்குப் போனோம். தண்ணீர் உள்ளே புகாது என்று அவர்கள் கொடுத்த உத்தரவாதம் நீடிக்க வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருமுறை அங்கே காட்டி முத்திரை வாங்க வேண்டும். இந்த வருடத் தவணை அந்த வாரத்தோடு முடிகிறது. விட்டால் உத்தரவாதமே போய்விடும். தரையைப் பிரித்துப் பழுது பார்க்க வேறு இடத்தில் கேட்டால் குளிர்காலத்தில்தான் முடியும் என்கிறார்கள். அக்கா வருவதற்கு எட்டு நாள் இருந்தது.

மேலாளர் இளைஞர், நீலச் சட்டை. நகுலன் என்னை அவருக்கு "இந்தியாவிலிருந்து வந்த நிபுணர்" என்று அறிமுகம் செய்தார். அவர் என் கையை இரண்டு முறை குலுக்கினார். பிறகு உள்ளே ஏறி, கதவோரம் தன் பளபளக்கும் காலணியால் ஒரு தடவை மிதித்துவிட்டு நீண்ட சொற்பொழிவு ஆற்றினார்.

கவிதா என் பக்கம் திரும்பினாள். "நார்மலாம்."

"இது நார்மல்னா எங்க ஊர் பஸ்ஸுல ஏறினவங்க எல்லாம் ரோட்டுல நின்னுக்கிட்டேதான் போயிருப்பாங்கன்னு சொல்லு."

அவள் கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் பேசினாள். நடுவே நெற்றியைத் தொட்டாள், வானத்தைக் காட்டினாள். மேலாளர் முகம் சிவந்தது.

"என்ன சொன்னே?"

"நீ சொன்னதத்தான். கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்."

மேலாளர் தன் டேப்லெட்டில் போன வருடச் சோதனையின்போது எடுத்த படம் ஒன்றைத் தேடி எடுத்து நீட்டினார். கரவானின் சமையல்கட்டு, அதில் ஜம்மென்று கவிதாவின் கிரைண்டர். இது என்ன என்று கேட்டார். மாவரைக்கும் இயந்திரம் என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்றார். கல் என்றாள்.

அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டதை அவளே எனக்குச் சொன்னாள்: "மேடம், நீங்க விடுமுறைக்குப் போகும்போது கல்லைக் கூட எடுத்துட்டுப் போறீங்களா?"

அதோடு விடவில்லை. கல்லின் கனம்தான் தரையைக் கெடுத்தது என்றார். அதைத் தரையோடு திருகிப் பொருத்தியிருந்தால் உத்தரவாதமே செல்லாது என்றார். கவிதாவுக்கு வந்ததே கோபம். ஊசி முனை அளவு ஓட்டைகூட நாங்கள் போடவில்லை, அடியில் ரப்பர்தான் வைத்தோம், வேண்டுமானால் கீழே போய்ப் பாருங்கள் என்று அந்த நிலையமே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டாள்.

பட்டறையிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், போர்த்துக்கல்காரர், பெயர் மனுவேல். சக்கரம் வைத்த பலகை இரண்டைக் கொண்டுவந்து ஒன்றை என் பக்கம் தள்ளினார். அதில் மல்லாந்து படுத்து இருவரும் கரவானுக்கு அடியில் போனோம். கரூரில் நாங்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுப்போம். மற்றபடி வண்டிக்கு அடியில் எல்லா ஊரும் ஒன்றுதான். அதே கிரீஸ் வாசனை, அதே தூசி கண்ணில் விழும்.

டார்ச் வெளிச்சத்தில் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். சமையல்கட்டுக்கு நேர் கீழே வந்ததும் நின்றேன்.

நான்கு நட்டுகள். அழகாகச் சதுரமாக, வாஷர் வைத்து முறுக்கியவை, துருப்பிடித்தவை. ஒவ்வொன்றையும் சுற்றிப் பலகை தேநீரில் நனைத்த பிஸ்கட் மாதிரி கறுத்து ஊறிப்போயிருந்தது. தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் ஒரு பொட்டுக்கூட இல்லை. மழையில் ஓடும்போது சக்கரம் அடிக்கும் தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் மேலே ஏறியிருக்கிறது.

அப்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் நகுலனின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. "மச்சான்" என்று கிசுகிசுத்தார். "சத்தம் போடாதேங்கோ."

மேலே கவிதா இன்னமும் ஊசி முனை ஓட்டையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

மனுவேலின் டார்ச் மெதுவாக வந்து அந்த நட்டுகளில் நின்றது. பிறகு என் முகத்துக்கு வந்தது. எனக்கும் அவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. அவர் நான்கு விரலைக் காட்டினார். நானும் நான்கு விரலைக் காட்டினேன். பிறகு என்ன தோன்றியதோ, சக்கரத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த நகுலனின் காலணியைச் சுட்டிக்காட்டினேன். அந்த மனிதர் சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் படுத்திருந்த பலகையே உருண்டது.

வெளியே வந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கம்பெனி போட்ட போல்ட் என்று ஒரு பொய்யை அடித்துவிட்டிருக்கலாம். மனுவேல் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார் என்றுகூடத் தோன்றியது. ஆனால் தரை விஷயத்தில் இதுவரை நான் பொய் சொன்னதில்லை. அதுவுமில்லாமல், சமையல்கட்டில் பொய் சொல்லிவிட்டுக் கதவோரத்துக்கு நியாயம் கேட்க எனக்கு வாய் வராது.

"சொல்லுண்ணா. ஓட்டை இல்லைன்னு அந்தாள்கிட்டச் சொல்லு" என்றாள் கவிதா.

"நாலு ஓட்டை இருக்குது கவிதா. நம்ம ஓட்டை."

"நம்மன்னா?"

நகுலன் தூரத்தில் இருந்த விளம்பரப் பலகை ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். கவிதா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அதை மேலாளருக்கு மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. அவளே சொன்னாள். அன்று அவள் பேசியதிலேயே மிகச் சிறிய பிரெஞ்சு வாக்கியம் அதுதான்.

பிறகு கணவரிடம் திரும்பிக் கரூர் தமிழில் கேட்டாள். அதை எழுத முடியாது.

"போன வருசம் ஒரு வளைவிலை அது உருண்டுபோய் அலுமாரிக் கதவை உடைச்சதெல்லே" என்றார் நகுலன். "நீர் அழுதுகொண்டிருந்தீர். பேந்து நான் நாலே நாலு போல்ட் அடிச்சனான். பிறகு கிரைண்டரை இறக்கேக்கை போல்ட்டின்ரை தலையை அறுத்து, மேலை துண்டு ஒட்டி மறைச்சுப்போட்டன். உமக்குச் சொன்னால் தரையிலை ஓட்டை போட்டியளோ எண்டு ஏசுவீர்."

"இப்ப ஏசலையா?"

மேலாளர் டேப்லெட்டை மூடிவிட்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது. அப்போதுதான் மனுவேல், இரண்டு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் கையடக்கக் கருவி ஒன்றைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்தார். ஈரம் பார்க்கும் கருவி. சமையல்கட்டுப் பக்கம் குத்தினார், அது கத்தியது. கதவோரம் குத்தினார், மூச்சுக் காட்டவில்லை. அங்குலம் அங்குலமாகக் குத்திக்கொண்டே போனார். கதவோரம் முழுக்கக் காய்ந்து கிடந்தது.

மேலாளரிடம் மனுவேல் சொன்னதைக் கவிதா எனக்கு அப்படியே சொன்னாள், இந்த முறை கூட்டாமல் குறைக்காமல்: "சமையல்கட்டு அவங்க தப்பு. அதை அவரே சொல்லிட்டாரு. கதவுப் பக்கம் நம்ம கம்பெனி தப்பு. அங்க ஒரு சொட்டுத் தண்ணி போகல. பசை பிடிக்கல, அவ்வளவுதான். இந்த ரகத்துல இது எனக்கு மூணாவது வண்டி."

மேலாளர் அவரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான். அதுவும் பக்கத்தில் வேறொரு குடும்பம் அதே ரகக் கரவானை விலை கேட்டுக்கொண்டு நின்றது. ஐந்து நிமிடத்தில் கதவோரத்தைக் கம்பெனி செலவில் சரிசெய்து தருவதாகவும், சமையல்கட்டுச் சதுரத்தைத் தவிர மற்றதற்கெல்லாம் முத்திரை போடுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

மனுவேல் என்னைப் பட்டறைக்குள் கூட்டிப்போய் ஒரு தரைத் துண்டைக் கையில் கொடுத்தார். மேலே மெல்லிய பலகை, நடுவில் தெர்மகோல் மாதிரி நுரை, கீழே மெல்லிய பலகை. மூன்றையும் பசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்கள் பஸ் தரையில் சந்தைக்குப் போகும் ஆட்டுக்குட்டிகள் குதிக்கும், வாழைத்தார் விழும், தீபாவளிக்கு முதல் நாள் ஒரு பஸ்ஸுக்குள் இரண்டு பஸ் கூட்டம் நிற்கும். யோசித்தபோது சிரித்தது தப்பு என்று பட்டது. இதை ஒரு சின்னக் கார் மலையேற்றி இழுக்க வேண்டும், கனம் ஆகாது. மெலிசாகச் செய்தது குற்றமில்லை. பசையை ஒழுங்காகத் தடவாமல் அடுத்த வண்டிக்குப் போனான் பாருங்கள், அவன்தான் குற்றவாளி. அவனை எனக்குத் தெரியும். கரூரிலும் இருக்கிறான்.

கரவானை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"அண்ணா, அடுத்த சிக்னல்ல இடதுன்னு அவர்கிட்டச் சொல்லு."

"மச்சான், எனக்குப் பாதை தெரியுமெண்டு அவவிட்டைச் சொல்லுங்கோ."

அடுத்த சிக்னலில் அவர் நேராகப் போனார். முக்கால் மணி நேரம் சுற்றினோம்.

---

சமையல்கட்டுத் தரை என் பொறுப்பு ஆனது. நகுலன் வேலைக்குப் போய்விட்டதால் நானும் கவிதாவும் லா ஷப்பெலுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கடைக்குப் போனோம். படகுக்குப் போடுகிற ரகப் பலகை, தண்ணீருக்கு அசராதது. கைக்கு அடக்கமாக ஒரு துண்டு போதும் என்றாள் கவிதா. ஒட்டுப் போட்ட தரையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. சமையல்கட்டு முழுக்க ஒரே பலகையாகப் போடுவேன் என்று அடம்பிடித்து ஆள் உயரத்துக்கு வாங்கினேன். கடையை விட்டு வெளியே வந்த பிறகுதான் எங்களிடம் வண்டி இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மெட்ரோவில் போனோம். படியில் இறங்கும்போது நான் முன்னால், அவள் பின்னால். பலகைக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் தெரியாது. "இடது, இடது" என்று அவள் கத்துவாள். யாருடைய இடது என்று தெரியாமல் நான் சுவரில் மோதுவேன். ரயிலுக்குள் பலகையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றோம். கழுத்தில் கைக்குட்டை கட்டிய ஒரு பாட்டியம்மா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பெட்டியே சிரித்தது.

"என்னவாம்?"

"இந்தக் கதவு எந்த ஸ்டேஷன்ல திறக்கும்னு கேக்கறாங்க."

இரண்டு நிறுத்தம் கழித்து, வேலை முடிந்து வந்த ஒருவர் பலகையின் அந்தப் பக்கம் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்டார். எங்களுக்குப் பொபினி வந்தது. அவரை எழுப்ப மனம் வரவில்லை. பலகையை எடுத்தால் விழுந்துவிடுவார். கடைசியில் கவிதாதான் மெல்ல அவர் தோளைத் தட்டி, கம்பியைப் பிடிக்க வைத்தாள். அவர் கண்ணைத் திறக்காமலேயே நன்றி சொன்னார்.

அடுத்த நாள் நகுலன் கதவோரம் சரியான கரவானை இழுத்து வந்தார். மனுவேல் தரையில் சிறு துளைகள் போட்டு உள்ளே பசை செலுத்தி, மேலே குச்சி அடித்து அடைத்திருந்தார். தட்டிப் பார்த்தேன். டக் டக். நல்ல கை.

கிடங்குக்குள் பின்பக்கமாக விடவேண்டியிருந்தது. பின்னால் நின்று வழி சொல்வது எனக்குப் பழகிய வேலை. "ரைட், ரைட், ரைட்" என்றேன். நகுலன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். வெங்காய மூட்டை அடுக்கு ஒன்று சரிந்தது.

"ரைட்டுன்னா வரலாம்னு அர்த்தம் மாப்பிள்ளை!"

"எனக்குத் தெரியும் மச்சான், எங்கடை ஊர் பஸ்ஸிலையும் அப்பிடித்தான். ஸ்டியரிங் கையிலை இருக்கேக்கை ஆருக்கு ஞாபகம் வரும்?"

ஊறிய பலகையை அறுத்தெடுத்தேன். கெட்டுப்போன நுரையைச் சுரண்டினேன். கவிதாவின் தலைமுடி உலர்த்தும் கருவியால் ஒரு பகல் முழுக்க ஈரத்தை வாங்கினோம். புதுப் பலகையைப் பசையோடு இறக்கினேன். இனி ஒரு நாள் மேலே கனம் வைக்க வேண்டும். கிடங்கில் அரிசி மூட்டைக்கா பஞ்சம்? நகுலன் ஒவ்வொன்றாகச் சுமந்து அடுக்கினார். மூலையில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. மூட்டையை வைத்தால் கதவு இடித்தது.

கவிதா மூன்று நாளில் முதல் தடவையாகக் கணவரிடம் நேராகப் பேசினாள். "நீங்க ஏறி உக்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"அண்ணா எழுந்திரிக்கச் சொல்ற வரைக்கும்."

அவர் உட்கார்ந்தார். அந்த மூலைக்கு ஒரு மணி நேரம் போதும் என்று எனக்குத் தெரியும். தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு மணி நேரம் என்றேன். நடுவில் அவளே தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். கிரைண்டரை இனி வீட்டிலேயே வைத்துவிடலாம், மாவை அரைத்தே எடுத்துப்போகலாம் என்று அவர் சொன்னார். அவள் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கோபம் போய்விட்டது என்று அதில் தெரிந்தது.

---

பவானி அக்கா வருகிற நாள். விமானம் மதியத்துக்குமேல் என்று நகுலனும் நானும் காலையில் கிடங்குக்குப் போய் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தோம். விமானம் முன்னதாகவே வந்துவிட்டது. வீட்டில் இருந்த கவிதா விமான நிலையத்துக்கு ஓடி, அக்காவையும் அவர் கணவரையும் டாக்சியில் ஏற்றி நேராகப் பொபினிக்கே கொண்டுவந்துவிட்டாள்.

கடைசி மூட்டையை இறக்கிவிட்டு நிமிர்ந்தோம். டாக்சி வாசலில் நின்றது. நகுலன் உடம்பெல்லாம் அரிசித் தூசி. வீட்டில் தேய்த்து மாட்டியிருந்த சட்டை வீட்டிலேயே இருந்தது.

நல்ல ஆகிருதியான ஒரு அம்மாள் இறங்கினார். எங்களைக் கவனிக்கவில்லை. "இதுவோ அந்தக் கரவான்?" என்று கேட்டபடி விறுவிறுவென்று வந்து, யாரும் வாய் திறப்பதற்குள் படியில் கால்வைத்து உள்ளே ஏறிவிட்டார்.

கதவோரம் நின்றார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். பக்கத்தில் நகுலனும் குனிந்திருந்தார். ஓடிவந்த கவிதாவும் குனிந்தாள். அக்கா சமையல்கட்டுப் பக்கம் இரண்டு அடி நடந்து, சரியாக நான் போட்ட பலகையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார். எங்கள் மூன்று பேர் தலைகளும் அவர் செருப்போடு சேர்ந்து திரும்பின.

"என்னடா இது?" என்றார் அக்கா. "இருபத்திரெண்டு வருசத்துக்குப் பிறகு வாறன். எல்லாரும் என்ரை காலைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள். ஒருத்தருக்கும் என்ரை முகத்தைப் பாக்கத் தோணேல்லையோ?"

நகுலன் நிமிர்ந்தார். அக்காவின் தலை பாதி நரைத்திருந்தது. அவர் மனதில் இருந்த அக்காவுக்கு ஒற்றைப் பின்னல் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

"அக்கா" என்றார். "உதிலை ஒருக்கால் குதியுங்கோ."

"உனக்கென்ன விசரே?"

"ஒருக்கால்."

அவர் தம்பியின் முகத்தையே பார்த்தார். பிறகு கைப்பையைக் கவிதாவிடம் கொடுத்தார், சமையல் மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், குதித்தார்.

டக்.

தரை அசையவில்லை. நகுலன்தான் படியில் அப்படியே உட்கார்ந்து, அரிசித் தூசி படிந்த கையால் முகத்தை மூடிக்கொண்டார். "தள்ளி இரடா" என்று சொல்லிக்கொண்டே அக்காவும் வந்து அதே படியில் அவருக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். படி லேசாக முனகியது. அந்தப் படி இரண்டு பேருக்காகச் செய்தது இல்லை. இந்த முறை நான் குனிந்து பார்க்கவில்லை.